செட் ஆகாத ஆள்

நல்லம்பள்ளியில் நாலு பேர் நிற்கும் இடத்தில் ‘செட்’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். கிணறு வைத்திருப்பவருக்கு அது மோட்டார். கோயில் தர்மகர்த்தாவுக்கு மைக். கட்டட மேஸ்திரிக்கு, நேற்றுப் போட்ட தளம் இறுகிவிட்டதா என்ற கவலை. கல்லூரிக்குப் பஸ் ஏறும் பெண்ணுக்கு, வீட்டில் பார்த்த வரனை வேண்டாம் என்று சொல்வதற்கான பாதி வாக்கியம். அந்த இடத்திலிருந்து பேசாமல் நழுவுகிற ஒரே ஆள் நான்தான். அந்தச் சின்னச் சொல்லுக்கும் எனக்கும் உள்ள பாக்கி அப்படி.

எனக்குத் தொழில் டி.டி.பி. கடை. தாலுகா ஆபீஸ் மனு, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுப்பேன். பெரிய வேலையாக இருந்தால் தர்மபுரியில் ஆஃப்செட் அச்சகத்துக்கு அனுப்பிவிடுவேன். பொழுதுபோக்கு, மற்றவர்களின் தமிழைத் திருத்துவது. தொழிலில் பட்ட நஷ்டத்தைவிடப் பொழுதுபோக்கில் பட்டதுதான் அதிகம்.

ஒரு வருடம் மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ் என்னிடம் வந்தது. கோடு போட்ட தாளில் கையால் எழுதியிருந்தார்கள். மைக் செட், பேண்டு செட், பம்பை செட், கூத்து செட் என்று வரிசையாக நான்கு செட். எனக்குக் கை அரித்தது. யாரையும் கேட்கவில்லை. மைக் செட்டை ‘ஒலிபெருக்கித் தொகுதி’ ஆக்கினேன். பேண்டு செட் ‘இன்னிசைக் கருவிக் குழாம்’ ஆனது. பம்பைக்கும் கூத்துக்கும் இதே மரியாதையைச் செய்தேன். அச்சாகி வந்ததும் நானே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நோட்டீஸ் ஊருக்குள் போனது. ‘தொகுதி’ என்று பார்த்த இரண்டு பேர், எந்தத் தொகுதி, தர்மபுரியா பென்னாகரமா, எம்.எல்.ஏ. வருகிறாரா என்று விசாரித்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வருடாவருடம் மைக் செட் கட்டும் அண்ணன் நோட்டீஸை மேலிருந்து கீழ்வரை பார்த்திருக்கிறார். செட் என்ற சொல்லே அதில் இல்லை. இந்த வருடம் நம்மை விட்டுவிட்டார்கள், ஏதோ தொகுதிக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, கூம்புக் குழாய்களையும் ஆம்ப்ளிஃபயரையும் வேறு ஊர்க் காதுகுத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. எங்கள் பக்கத்துப் பண்டிகைகளில் அந்த விதி எந்த அளவுக்கு நடப்பில் இருக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை. அந்த வருடம் மட்டும் எங்கள் ஊர் சாயங்காலத்திலிருந்தே சட்டத்தை மதித்தது. பொங்கல் வைக்க வந்த பெண்கள் பாட்டில்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊர்க் கவுண்டர் என்னைக் கூப்பிட்டுக் கோபப்படவெல்லாம் இல்லை. “ஏம்பா, உன்ன நோட்டீஸ் அடிக்கத்தான சொன்னோம்?” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

ஒரு சொல்லை ஒழிப்பதற்கு முன் அது என்ன ஏது என்று பார்ப்பது முறை. ஒழித்துவிட்டுப் பார்ப்பது என் முறை. பண்டிகை முடிந்த பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வயிறு கலங்கியது. நான் கைவைத்தது சாதாரண ஆளிடம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல்தான் முடிந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அந்த இருபதிலும் மிக நீளமான பதிவு செட் என்ற வினைச்சொல்லுக்குத்தான். 430க்கும் மேற்பட்ட பொருள்கள். விளக்கமும் எடுத்துக்காட்டுமாகச் சுமார் 60,000 சொற்கள். ஒரு நாவல் அளவு. நான் அந்த ஒலிபெருக்கித் தொகுதியை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கண்டுபிடித்தேன்.

பிறகு அதே அகராதியின் திருத்த வேலையில் ‘ரன்’ முந்திக்கொண்டது. ஓடுவது என்று நாம் நினைக்கிற அந்தச் சொல்லுக்கு 645 பொருள்கள். அதை எழுதி முடிக்கப் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் ஆனது. ஒரு சொல்லுக்கு ஒரு பிள்ளை பெறும் காலம்! செட் முதலிடத்தை இழந்ததில் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. எதிராளி எங்கே தோற்றாலும் வருகிற சந்தோஷம்தான்.

இவ்வளவு பொருள் எப்படிச் சேர்ந்தது? ஒரே சொல் போல நிற்கிற செட்டுக்குள் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. வினைச்சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து வருகிறது. ‘செட்டன்’ என்றால் உட்கார வைப்பது. சிட் என்றால் உட்கார்வது, செட் என்றால் உட்கார வைப்பது. நம் ‘அமர்’, ‘அமர்த்து’ உறவு. சமஸ்கிருதத்தின் ‘ஸத்’ என்ற வேரும் இதே குடும்பம். குருவின் அருகே உட்கார்ந்து கேட்ட உபநிடதமும், சுற்றி உட்கார்ந்து கூடும் பரிஷத்தும் செட்டுக்கு ஒன்றுவிட்ட பங்காளிகள். கான்கிரீட் செட் ஆவதும், கடிகாரத்தில் அலாரம் செட் செய்வதும், சூரியன் மேற்கே இறங்குவதை ஆங்கிலத்தில் செட் என்பதும் இந்தப் பக்கத்துச் சொத்து. பையன் பெங்களூரில் ‘செட்டில்’ ஆகிவிட்டான் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதற்கும் வேர் இருக்கைதான். பையன் உட்கார்ந்துவிட்டான், அவ்வளவே.

இன்னொரு செட், கூட்டம் என்ற பொருளில் வருவது, ஃபிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ‘செக்டா’ என்றால் பின்தொடர்வது, ஒரு தலைவரின் பின்னால் போகிற கூட்டம். சமயப் பிரிவைச் சொல்லும் ‘செக்ட்’ இதன் உடன்பிறப்பு. பின்னாளில் இரண்டு சொல்லும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிப்போய், ஒன்றின் பொருள் மற்றொன்றில் ஏறிக்கொண்டது. எங்கள் பக்கம் கூத்துக் குழுவைச் செட்டு என்பார்கள். கிழக்கே திருவண்ணாமலைப் பக்கம் போனால் ஜமா. செட்டில் வாத்தியார் முன்னால், மற்றவர்கள் அவர் பின்னால். லத்தீன் தெரியாத ஊரில் அந்தச் சொல் தன் பிறந்த வீட்டுப் பொருளோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நான் அதைத்தான் ‘கலைக்குழு’ என்று திருத்தினேன்.

இதைப் படித்த பிறகாவது அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. எதிர்ப்பக்கம் தாவினேன்.

தமிழிலேயே ‘செட்டு’ என்று ஒரு சொல் உண்டு. வியாபாரம், சிக்கனம் என்று பொருள். “அந்தப் பொண்ணு செட்டாக் குடும்பம் நடத்துது” என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலும் இருக்கிறது. இதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. செட் என்பதே நம் செட்டுதான், கப்பலேறிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது, நான் ஒழிக்கப் பார்த்தது நம் சொந்தப் பிள்ளையை என்று தர்மபுரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் எழுந்து முழங்கினேன். கைதட்டினார்கள். தமிழிலிருந்துதான் எல்லாம் போனது என்று யார் சொன்னாலும் கைதட்டுகிற நல்ல மனசு நம்மவர்களுக்கு உண்டு.

கடைசி வரிசையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, சுருட்டு போனதுக்கு ரசீது இருக்குது. கட்டுமரம் போனதுக்கு இருக்குது. மிளகுத்தண்ணி போனதுக்கும் இருக்குது. எந்த வெள்ளக்காரன், எந்த வருசம், என்னன்னு எழுதி வெச்சான்னு காட்டலாம். செட்டு போனதுக்கு என்ன வெச்சிருக்கிற?” நான் கிழக்கிந்தியக் கம்பெனி என்றேன். “கம்பெனி ஆரம்பிச்சது 1600. அவன் செட்டன்னு எழுத ஆரம்பிச்சு அதுக்கு முன்னாடியே அறுநூறு வருசத்துக்கு மேல ஆச்சு. கப்பல் வர்றதுக்கு முன்னாடியே சரக்கு போயிருச்சா?” என்றார். ஒலி ஒத்துப்போனால் உறவு என்றால் எங்கள் தெருவில் பாதிப்பேர் எனக்கு மாமன் மச்சான். அன்றைக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்தே இந்தச் சொல் என்னைத் துரத்தியது என்று இப்போது தோன்றுகிறது. கணக்குப் பாடத்தில் அதற்குக் கணம் என்று பெயர். வெற்றுக் கணம், உட்கணம், வெட்டு, சேர்ப்பு. அங்கே டி மார்கன் விதிகள் என்று இரண்டு உண்டு. சேர்ப்பின் நிரப்பி, நிரப்பிகளின் வெட்டு என்று வரும். பரீட்சையில் வெட்டு வர வேண்டிய இடத்தில் சேர்ப்பும், சேர்ப்பு வர வேண்டிய இடத்தில் வெட்டும் போட்டு வைத்தேன். இத்தனைக்கும் அகஸ்டஸ் டி மார்கன் வேற்று மனிதர் இல்லை. 1806இல் நம் மதுரையில் பிறந்தவர். அப்பா கம்பெனிப் படையில் அதிகாரி. பிறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கண்ணில் பார்வை போனது. கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். வாத்தியார் இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் மதுரைக்காரர் என்ற பாசத்திலாவது ஒழுங்காகப் படித்திருப்பேன். இதையும் வாத்தியார் தலையில் கட்டுகிறேன் பாருங்கள். இது இன்னொரு குணம்.

எம்.ஏ. தமிழ் முடித்த பிறகு மாநிலத் தகுதித் தேர்வு வந்தது. கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டுமென்றால் நெட் அல்லது செட். இந்த செட் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். மேலே சொன்ன இரண்டு ஆறுகளுக்கும் சம்பந்தமில்லாத தனிக் குட்டை. அதில்கூட என்னால் நீந்த முடியவில்லை. தமிழ்த் தாளில் இல்லை. எல்லோருக்கும் பொதுவான முதல் தாளில் போனது. அதற்குப் பிறகு யாராவது “செட் முடிச்சாச்சா?” என்று கேட்டால், பக்கம் செட் பண்ணுவதைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு “ஆச்சுங்க, பிரிண்ட் போக வேண்டியதுதான்” என்பேன்.

இதெல்லாம் என் தலையோடு போனவை. ஒன்று மட்டும் அடுத்தவர் வீட்டில் நடந்துவிட்டது. சித்தப்பா மகனுக்குப் பாலக்கோட்டுப் பக்கம் பெண் பார்த்தார்கள். நடுவில் நின்று பேசியது நான். பெண் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் மாதிரிதான் இருந்தது. பையன் வீட்டார் நிச்சயத்துக்கு எடுத்திருந்த நெக்லஸ் செட்டின் போட்டோவைக்கூட என் போன் வழியாக அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலை பெண்ணின் அப்பா கூப்பிட்டார். குரலை இறக்கிப் பேசினார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பா செட் ஆகலைன்னு சொல்லுதுங்க.”

“இதுக்குப் போய் ஏன் மாமா கவலப்படறீங்க? வேற டிசைன் பார்த்துக்கலாம்.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. நான் விடவில்லை. “சேலத்துல பெரிய கடை இருக்குதுங்க. பாப்பாவையே கூட்டிட்டு வாங்க. பிடிச்சதை எடுத்துக்கட்டும். பழசைத் திருப்பிக் கொடுத்துடலாம், சேதாரம் மட்டும்தான் போகும்.”

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: “மாப்பிள்ளையையே மாத்தணுங்கறாங்க.”

அகராதியில் 430 பொருள் படித்தவனுக்கு நம் பிள்ளைகள் தினமும் பேசுகிற 431ஆவது தெரியவில்லை. ஒத்துவராது, மனசு ஒட்டவில்லை, குறை சொல்லவும் விருப்பமில்லை என்ற மூன்றையும் அந்தப் பெண் ஒரே சொல்லில் யாரையும் காயப்படுத்தாமல் சொல்லியிருக்கிறாள். நான் அதற்குச் சேதாரம் கணக்குப் போட்டிருக்கிறேன். சித்தப்பா வீட்டில் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவனுக்கு அரூரில் வேறு பெண் அமைந்து நன்றாக இருக்கிறான். அதில் யாரும் என்னை நடுவில் நிற்கச் சொல்லவில்லை.

பம்ப் செட் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மச்சான் இதைப் படிப்பார். பம்பும் மோட்டாரும் சேர்ந்தால்தான் செட். ஒன்று இல்லாமல் மற்றொன்று இரும்பு. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோயம்புத்தூரில் மின் மோட்டார் செய்து காட்டியதிலிருந்து தமிழ்நாட்டுக் கிணறுகளின் கதையே மாறியது. 1990இலிருந்து எல்லா விவசாயிகளுக்கும் பம்ப் செட்டுக்கு மின்சாரம் இலவசம். எங்கள் கிணற்றில் ஐந்து எச்.பி. மோட்டார். புது ஸ்டார்ட்டர் மாட்டிய அன்று மச்சான் வெளியூர் போகும் அவசரத்தில், “ரிலேவ ஆம்ப்ஸ் பார்த்து செட் பண்ணிடுங்க மாமா” என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டாரின் பெயர்ப் பலகையில் ஏழரை ஆம்பியர் என்று இருந்தது. ஏழரை என்று பார்த்ததும் சகுனம் சரியில்லை என்று பட்டது. குமிழைக் கடைசிவரை திருகிப் பத்தில் வைத்தேன். அதிகமாக இருந்தால் பாதுகாப்பும் அதிகம் என்பது என் கணக்கு. உண்மை நேர் எதிர். மோட்டார் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிக் கரண்ட் இழுக்கும்போது அறுத்துவிடத்தான் ரிலே இருக்கிறது. அதன் அளவை ஏற்றி வைத்தால் அது வேடிக்கை பார்க்கும். ஒருநாள் ஒரு பேஸ் போனது. மோட்டார் உறுமியது. ரிலே வேடிக்கை பார்த்தது. மின்சாரம் இலவசம்தான், காயில் கட்டுவது இலவசமில்லை. வைண்டிங்காரர் கருகிய கம்பியை என் முன்னால் போட்டுவிட்டு, “இத யாருங்க செட் பண்ணது?” என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்தார். ஏழரை என்னைப் பிடித்ததா, நான் ஏழரையைப் பிடித்தேனா என்று தெரியவில்லை.

எனக்கு ஆறுதல் தருகிற தோல்வி ஒன்று என் தொழிலிலேயே இருக்கிறது. ஆஃப்செட் அச்சு முறை பிறந்ததே ஒரு கவனக்குறைவில். அமெரிக்காவில் ஐரா ரூபல் என்ற அச்சுக்காரர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்லச்சு எந்திரத்தில் ஒரு தாளை வைக்கத் தவறினார். மை கல்லிலிருந்து அழுத்து உருளையின் ரப்பர் மேல் பதிந்தது. அடுத்த தாளின் பின்பக்கத்தில் அந்த ரப்பரிலிருந்து பதிந்த படம், முன்பக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. அவர் அதை வைத்து எந்திரமே செய்துவிட்டார். நானும் எத்தனையோ தாளை வைக்கத் தவறியிருக்கிறேன். ஒன்றிலிருந்தும் எந்திரம் வரவில்லை, திட்டுதான் வந்தது.

இப்போது என் கடையில் நோட்டீஸ் வந்தால் மைக் செட் மைக் செட்டாகவே போகிறது. தோற்றுப்போனதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், யோசித்துத்தான் சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் கணம் என்று எழுதியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வரையறை செய்து, கற்றுக்கொடுத்து, பரீட்சை வைக்கிற இடத்தில் புதுச்சொல் நிற்கும். அதை நிறுத்தி வைக்க ஆளிருக்கிறது. ராத்திரி கூத்துக்கு ஆள் சொல்லியனுப்புகிற இடத்தில் அப்படி யாரும் இல்லை. அங்கே எந்தச் சொல் சொன்னால் ஆள் வந்து சேருமோ அதுதான் சொல். பம்பைக்கும் கூத்துக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு உகரமும் போட்டுச் செட்டு என்று தமிழ்ப்படுத்தியும் வைத்திருக்கிற ஊருக்கு என் உதவி தேவைப்படவில்லை.

இருந்தாலும் பழக்கம் முழுசாக விட்டபாடில்லை. போன மாதம் சேலத்தில் தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து, பிழிந்த எலுமிச்சையோடு கொடுப்பார்கள். சேலத்துக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு கிடையாது. தின்னும்போதே மூளை ‘தட்டுவடை இணை’, ‘தட்டுவடை அடுக்கு’ என்று ஓட ஆரம்பித்தது. கஷ்டப்பட்டு நிறுத்தினேன். உங்களில் யாருக்காவது இதற்கு நல்ல தமிழ்ப் பெயர் தோன்றினால் தயவுசெய்து கடைக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் பாட்டுக்கு வேறு ஊருக்குப் போய்விடப் போகிறார்.